தை மாதத்துக்கு மிஞ்சும் தண்ணீர்: மானாவாரிக் கோதுமை ஆராய்ச்சியும் கரிசல் காடும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் உள்ள தேவதானம் தண்ணீருக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் ஊர். மேற்கே மலை, மலையடியில் சாஸ்தா கோயில் அணை, அதன் கீழே கண்மாய்கள், நெல், தென்னை, மாந்தோப்பு. அங்கிருந்து கிழக்கே வெம்பக்கோட்டை, சாத்தூர் என்று நகர நகரச் செவல் மங்கிக் கரிசல் விரிகிறது. அங்கே சோளமும் கம்பும் பருத்தியும் உளுந்தும் வானத்தை மட்டும் நம்பி வளர்கின்றன. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில், சில பெருமழைகளாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். பயிர் கதிர் வாங்கிப் பால் பிடிக்கும்போது வானம் வெளுத்திருக்கும். அதற்குப் பிறகு மண்ணுக்குள் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதுதான் விளைச்சல்.

இருக்கும் தண்ணீரை இன்னும் நன்றாகப் பயன்படுத்தும் ரகத்தை உண்டாக்க முடியுமா? இந்தக் கேள்வியை உலகத்தில் மிக ஆழமாக ஆராய்ந்தது கோதுமையில்தான். கரிசல் காட்டில் கோதுமை விளையாது. ஆனாலும் அந்த ஆராய்ச்சி நமக்கு நெருக்கமானது. குஜராத்தில் அகமதாபாத்துக்கும் பாவ்நகருக்கும் இடைப்பட்ட பால் வட்டாரத்தில், மழை முடிந்த பிறகு விதைத்து, பாசனமே இல்லாமல், மண்ணில் தேங்கிய ஈரத்திலேயே கோதுமையை விளைவித்து எடுக்கிறார்கள். பாலியா கோதுமை என்று 2011இல் புவிசார் குறியீடு பெற்றது அது. மத்தியப் பிரதேசத்தின் கருமண்ணிலும் இப்படி ஒரு மரபு உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் கோடை மழையைக் கனத்த களிமண்ணில் சேமித்துவைத்து, குளிர்காலத்தில் கோதுமை போடுகிறார்கள். மழை முன்னே, பயிர் பின்னே என்ற அந்த ஏற்பாடு கரிசல் காட்டுக்காரருக்குப் புதிதல்ல.

இந்தத் துறைக்கு ஒழுங்கான கணக்கு ஒன்றைக் கொடுத்தவர் ஆஸ்திரேலிய அறிவியலாளர் ஜான் பாசியோரா. 1977இல் அவர் சொன்னது மூன்று உறுப்புகளின் பெருக்கல்தான். பயிர் வேர் வழியாக எடுத்து இலை வழியாக வெளியிட்ட தண்ணீர் எவ்வளவு. அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எவ்வளவு உடல் வளர்த்தது. அந்த உடலில் எத்தனை பங்கு மணியாயிற்று. மூன்றையும் பெருக்கினால் மகசூல். ஏழாண்டு கழித்து, 1984இல், தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபிரெஞ்ச், ஷுல்ட்ஸ் இருவரும் வயல் கணக்குகளைத் திரட்டி ஓர் எல்லைக்கோடு போட்டார்கள். பருவத்தில் கிடைத்த தண்ணீரில் சுமார் 110 மில்லிமீட்டர் மண்ணிலிருந்து வெறுமனே ஆவியாகிப் போய்விடும். மீதியில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் எக்டேருக்கு 20 கிலோ வரை கோதுமை கொடுக்கலாம். பெரும்பாலான விவசாயிகளின் வயல் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. அதற்குக் காரணம் பல இடங்களில் தண்ணீர்ப் பற்றாக்குறையே இல்லை. களை, வேர் நோய், தழைச்சத்துக் குறைவு, தாமதமான விதைப்பு ஆகியவைதான் பிடித்து இழுத்தன. ரகத்தைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் மனதில் வைக்க வேண்டிய செய்தி இது. கையில் இருக்கும் ரகமே தன் எல்லையைத் தொடாதபோது புதிய ரகம் மட்டும் எதையும் மாற்றிவிடாது.

பாசியோராவின் பெருக்கலில் இரண்டாவது உறுப்பு, அதாவது தண்ணீருக்கு ஈடாக வளரும் உடல், நெடுங்காலம் வளர்ப்பாளர்களை ஈர்த்தது. 1910களிலேயே அமெரிக்காவின் கொலராடோவில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் இருவரும் தொட்டிகளில் பயிர் வளர்த்து எடைபோட்டு, ஒரு பங்கு உலர் எடை உண்டாக்கச் சோளம் சுமார் 300 பங்கு தண்ணீரும் கோதுமை சுமார் 500 பங்கு தண்ணீரும் எடுப்பதைக் காட்டியிருந்தார்கள். சோளமும் கம்பும் இயல்பிலேயே சிக்கனமானவை. ஆனால் ஒரே கோதுமைக்குள் ரகத்துக்கு ரகம் இந்த வேறுபாட்டை அளப்பது எப்படி? ஆயிரக்கணக்கான செடிகளைத் தொட்டியில் வைத்து எடைபோட முடியாது. 1980களின் தொடக்கத்தில் கிரஹாம் ஃபார்குவர் வழி கண்டார். காற்றிலுள்ள கரியில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சற்றே கனமான கரி-13 இருக்கிறது. இலைத்துளை தாராளமாகத் திறந்திருக்கும் செடி கனமானதை ஒதுக்கி இலேசானதை எடுத்துக்கொள்ளும். துளையை ஒடுக்கிவைத்துத் தண்ணீரைச் சேமிக்கும் செடி அவ்வளவு ஒதுக்காது. ஆகவே ஒரு துண்டு இலையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்தச் செடி தன் வாழ்நாளில் எவ்வளவு சிக்கனமாக இருந்தது என்பது தெரிந்துவிடும். ஃபார்குவரும் ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸும் 1984இல் இதைக் கோதுமை ரகங்களுக்குள் காட்டினார்கள். அந்த அளவுகோலை வைத்துத் தேர்வு செய்த கோதுமைதான் 2002இல் ஆஸ்திரேலிய அரசு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட டிரைஸ்டேல். அடுத்த ஆண்டு ரீஸ் வந்தது. மழை குறையக் குறைய இவற்றின் மேன்மை கூடியது. மழை நிறைந்த இடத்தில் மேன்மை ஏறக்குறைய மறைந்தது.

இங்கேதான் இந்தத் துறையின் பெரிய விவாதம் தொடங்குகிறது. இலைத்துளையை ஒடுக்கும் செடி தண்ணீரை மட்டுமல்ல, கரியமில வாயுவையும் குறைவாகத்தான் உள்ளே விடும். எனவே மெதுவாக வளரும். பயிர்க் காலத்திலேயே மழை வந்துகொண்டிருக்கும் ஊரில் மெதுவான செடி வெற்று மண்ணை நெடுநாள் வெயிலுக்குத் திறந்துபோடுகிறது. அது சேமித்ததாகச் சொல்லும் தண்ணீரை வெயில் குடித்துவிடுகிறது. அங்கே வேண்டியது முளைத்த கையோடு இலை விரித்து மண்ணை மூடும் வேகம். இஸ்ரேலின் ஆபிரகாம் புளூம் 2009இல் இதை வெளிப்படையாகவே எழுதினார்: தண்ணீர்ச் சிக்கனத்தைக் குறியாக வைத்தால் குறைவாக வளரும், குறைவாக விளையும் செடியைத்தான் தேர்ந்தெடுப்போம், மண்ணிலுள்ள தண்ணீரை முழுவதும் எடுத்து மணிக்குக் கொண்டுபோகும் செடிதான் வேண்டும். இரண்டு தரப்பும் சரி என்பதே என் முடிவு. ஆனால் இரண்டும் ஒரே நிலத்துக்குச் சரி என்று ஆகாது. சிக்கனக் குணம் தேங்கிய ஈரத்தில் விளையும் நிலத்துக்கு உரியது. வேகக் குணம் விட்டுவிட்டுப் பெய்யும் மழையில் விளையும் நிலத்துக்கு உரியது. எந்த மாதத்தில் எந்த ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்று எழுதிவைக்காத நிலத்துக்கு 'வறட்சி தாங்கும் ரகம்' என்று ஒன்றைப் பரிந்துரைப்பதில் பொருளே இல்லை.

வேர் விஷயத்திலும் இதே பாடம். ஆழமாக வேர்விடும் செடி நல்லது என்பது எல்லோருக்கும் தோன்றுவது. ஆனால் தேங்கிய ஈரத்தை மட்டும் நம்பியிருக்கும் பயிர் அதைச் சீக்கிரமே உறிஞ்சித் தீர்த்துவிட்டால் பால் பிடிக்கும் பருவத்தில் வெறுங்கையோடு நிற்கும். பாசியோராவும் ரிச்சர்ட்ஸும் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்துபார்த்தார்கள். துருக்கியின் நாட்டுக் கோதுமைகளில் நீர்க்குழாய் குறுகிய வேர்களைத் தேடிப் பிடித்து, அந்தக் குணத்தை ஆஸ்திரேலிய ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். முளைவேரின் குழாய் குறுகலானால் ஆழத்துத் தண்ணீர் மெதுவாகத்தான் மேலேறும். கதிர் வரும்வரை கொஞ்சம் மிஞ்சும். 1989இல் வெளியான முடிவுகளின்படி மிக வறண்ட இடங்களில் இந்தச் செடிகள் 3 முதல் 11 விழுக்காடு வரை கூடுதலாக விளைந்தன. ஈரமான இடங்களில் நட்டமும் இல்லை.

அந்த மிச்சத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை ஜான் கிர்க்கேகார்ட் குழு 2007இல் வயலிலேயே அளந்து காட்டியது. பூத்த பிறகு, ஒன்றரை மீட்டர் ஆழத்தை ஒட்டிய மண்ணிலிருந்து கோதுமை கூடுதலாக எடுத்தது வெறும் 10.5 மில்லிமீட்டர் தண்ணீர். அதற்குக் கிடைத்த கூடுதல் மகசூல் எக்டேருக்கு 620 கிலோ. மில்லிமீட்டருக்கு 59 கிலோ, அதாவது ஃபிரெஞ்ச், ஷுல்ட்ஸ் கோட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நம் ஊர் அளவில் சொன்னால், ஏக்கருக்கு 42,000 லிட்டர் தண்ணீர் சரியான நேரத்தில் ஆழத்தில் இருந்தால் 250 கிலோ கூடுதல் தானியம். அதே தண்ணீர் கார்த்திகையில் தூர் கட்டும்போது செலவானால் இலையாகவும் தண்டாகவும் மட்டுமே போகும். இந்த ஆராய்ச்சி முழுவதிலும் என்னை மிக அசைத்த எண் இதுதான். ஒரே தண்ணீரின் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லவில்லை.

விதைப்புக்கு வருவோம். 1960களில் இந்தியாவுக்கு வந்த மெக்சிகோ குட்டைக் கோதுமைகள் ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்த குட்டை மரபணுக்களைச் சுமந்தவை. உரமும் பாசனமும் உள்ள பஞ்சாபில் அவை பசியைத் தீர்த்தன. ஆனால் அந்த மரபணுக்கள் தண்டை மட்டும் குட்டையாக்கவில்லை. முளையை மூடிக்கொண்டு மண்ணைத் துளைத்து மேலே வரும் குருத்து உறையையும் குட்டையாக்கின. நெட்டைக் கோதுமையில் 10 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும் உறை, குட்டை ரகங்களில் 5 முதல் 7 சென்டிமீட்டரில் நின்றுவிடும். மேல்மண் காய்ந்து ஈரம் கீழே இறங்கிவிட்ட மானாவாரி நிலத்தில் விதையை அந்த ஈரத்தில் போட்டால் குட்டை ரகத்தின் முளை வெளியே வராது. வட இந்தியாவில் 1965இல் வெளியான நெட்டை ரகமான சி 306 இவ்வளவு காலம் மானாவாரியில் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மாவின் சப்பாத்தியை விரும்பி வாங்குவோர் இன்றும் உண்டு. வறட்சிச் சோதனைகளில் வளர்ப்பாளர்கள் இன்றும் அதையே ஒப்பீட்டு ரகமாக வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிரெக் ரெபெட்ஸ்கே உறையைக் குறுக்காமல் தண்டை மட்டும் குறுக்கும் வேறு மரபணுக்களைத் தேடிக் கொண்டுவந்தார். ஆழ விதைப்புக்கு ஏற்ற இப்படிப்பட்ட கோதுமைகள் ஆஸ்திரேலிய மகசூலை 18 முதல் 20 விழுக்காடு உயர்த்தக்கூடும் என்று 2022இல் அவர் குழுவினரின் வயல் சோதனையும் கணினிக் கணிப்பும் சேர்ந்து சொன்னது.

இதைப் படிக்கும்போது கோவில்பட்டியை நினைக்காமல் இருக்க முடியாது. கரிசலின் பயிர்களுக்கென்று 1901இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நிலையம், ஆழத்தை வேறு விதமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது. பருவமழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, புரட்டாசிப் புழுதியில், விதையைக் கரைசலில் ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்தி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுவிட வேண்டும். சோளத்துக்கு இரண்டு விழுக்காடு பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசல், கம்புக்கு இரண்டு விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசல். ஒரு தூற்றலுக்கு அந்த ஆழத்து விதை முளைக்காது. மண்ணை நனைக்கும் முதல் நல்ல மழைக்குத்தான் முளைக்கும். கரிசல் நனைந்துவிட்டால் நாலைந்து நாளைக்கு ஏரும் டிராக்டரும் இறங்க முடியாது என்பதைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மழைக்குப் பின் பதம் பார்த்து விதைப்பவர் இழக்கும் அந்த நாட்கள் மார்கழிக் கடைசியில் பால் பிடிக்கும் நாட்களாகக் கழிந்துபோகின்றன. ஆஸ்திரேலியர் கீழே இருக்கும் ஈரத்தைத் தேடி ஆழம் போகிறார்கள். கோவில்பட்டி வரப்போகும் ஈரத்துக்காக விதையை ஆழத்தில் காத்திருக்க வைக்கிறது. இரண்டுக்கும் வேண்டிய குணம் ஒன்றே: ஆழத்திலிருந்து முண்டி வெளியே வரும் முளை. கரிசலுக்குச் சோளமும் கம்பும் வளர்ப்பவர்கள் இந்தக் குணத்தை வெளிப்படையான தேர்வு அளவாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

காலமும் ஒரு குணம்தான். உண்மையில் மானாவாரி வளர்ப்பின் பழைய வெற்றிகளில் பெரும்பாலானவை நாட்களைக் குறைத்ததால் வந்தவை. கோவில்பட்டியின் சோள ரகம் கே 8 சுமார் 85 நாளில் முடிந்துவிடும். பின்னால் 2015இல் வந்த கே 12 சுமார் 95 நாள். மழை நின்ற கையோடு பயிரும் முடிந்துவிட்டால் வறட்சியைத் தாங்க வேண்டிய தேவையே வராது. ஆனால் நாளைக் குறைக்கக் குறைக்க நல்ல மழை பெய்த ஆண்டில் கிடைத்திருக்கக்கூடிய விளைச்சலும் குறையும். பத்தில் எத்தனை ஆண்டு மழை கார்த்திகையோடு நிற்கிறது, எத்தனை ஆண்டு மார்கழிவரை நீள்கிறது என்று மழைப்பதிவைப் பார்த்துத்தான் எத்தனை நாள் ரகம் என்று தீர்மானிக்க முடியும்.

சோளத்தில் கரி-13 அளவுகோல் உதவாது. சோளம், கம்பு போன்றவற்றின் ஒளிச்சேர்க்கை வேறு வகை. தண்ணீர்ச் சிக்கனத்தில் உள்ள வேறுபாடு அவற்றின் இலையில் தெளிவாகப் பதிவதில்லை. அதனால் ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேருவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட்டில் வின்சென்ட் வடே குழுவினர் நேரடி வழியில் இறங்கினார்கள். இரண்டு மீட்டர் உயரக் குழாய்களில் மண் நிரப்பி, வயலில் நிற்பது போலவே நெருக்கமாகப் பயிர் வளர்த்து, குழாயோடு தூக்கி வாராவாரம் எடைபோட்டார்கள். கம்பிலும் சோளத்திலும் கடைசிப் பருவ வறட்சியைத் தாண்டி விளைந்த வரிசைகள் மொத்தத்தில் அதிகத் தண்ணீரை எடுத்தவை என்று சொல்லிவிட முடியவில்லை. முன்னால் குறைவாகச் செலவழித்துப் பால் பிடிக்கும் வாரங்களுக்கு மிச்சம் வைத்தவை அவை. சில வரிசைகள் காற்று வறண்ட உச்சிவேளையில் மட்டும் இலைத்துளையை ஒடுக்கிக்கொண்டன. காலையும் மாலையும் வழக்கம்போல வளர்ந்தன. சோளத்தில் 'பசுமை மாறாத' குணம் என்று பெயர் பெற்றது, கதிர் முற்றும்வரை இலை காயாமல் நிற்பது, பெரும்பாலும் இந்த மிச்சத்தின் விளைவே.

இந்தக் குணத்துக்கு நம் ஊரில் இன்னொரு மதிப்பு உண்டு. அதைக் கோதுமை நாட்டு ஆராய்ச்சி முழுதாக உணர்ந்திருக்க முடியாது. பாசியோராவின் மூன்றாவது உறுப்பைக் கூட்டுவது, அதாவது உடலில் மணியின் பங்கை உயர்த்துவது, கோதுமையில் பெரிய வெற்றி. கரிசலில் அது வீட்டுத் தொழுவத்தைப் பட்டினி போடும். சோளம் போடுகிறவர் தானியத்துக்கு மட்டும் போடுவதில்லை, தட்டைக்கும் போடுகிறார். வைகாசி ஆனியில் புல் கருகிய பிறகு மாடு நிற்பது தைத் தட்டையில்தான். நாட்டு ரகமான இருங்கு சோளம் இவ்வளவு நாள் விருதுநகர், தூத்துக்குடிக் காடுகளில் நீடித்ததற்கு இதுவே முக்கியக் காரணம். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர்ப் பக்கத்தில் 1930களில் நாட்டுச் சோளத்திலிருந்து தேர்ந்தெடுத்த மால்தண்டி எம் 35-1 இன்றும் தேங்கிய ஈர நிலங்களில் ஆள்கிறது. 1964இல் வந்த முதல் வீரிய ஒட்டுச் சோளமும் அதன் பின்வந்தவையும் அதை அங்கிருந்து நகர்த்தவில்லை. ரொட்டியின் சுவையும் தட்டையின் அளவும் சேர்ந்து அதைக் காத்தன. பசுமை மாறாத இலை தானியத்தையும் காக்கிறது, தட்டையின் தரத்தையும் காக்கிறது. கரிசலுக்கான சோள வளர்ப்பில் முதல் இடம் இதற்குத்தான் தர வேண்டும்.

பருத்தி இந்தக் கணக்குக்குள் அடங்காத பயிர். கதிர்ப் பயிருக்குப் பூப்பது ஒருமுறை. பருத்தி மொட்டை உதிர்த்துவிட்டு, அடுத்த மழைக்கு மறுபடி மொட்டு வைக்கும்; அதனால் காத்திருக்கத் தெரிந்தது. கரிசலின் கருங்கண்ணிப் பருத்தி ஆணிவேரை ஆழமாக இறக்கி இதைச் செய்தது. கோவில்பட்டி அதிலிருந்து கே வரிசை ரகங்களைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் அமெரிக்க இனத்தில் கேசி 2, கேசி 3 போன்றவற்றை மானாவாரிக்குக் கொடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் எஸ்விபிஆர் வரிசையைத் தந்திருக்கிறது. ஆனால் நூற்பாலைகள் நீண்ட இழையைக் கேட்டன, நாட்டுப் பருத்தி ஒதுங்கியது. ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே சத்திரப்பட்டி மருத்துவத் துணிக்குப் பெயர்போன ஊர். காயத்தை ஒற்றும் பஞ்சுக்கு நாட்டுப் பருத்தியின் குட்டை இழை ஏற்றது. அந்தத் தேவையையும் இந்த வேரையும் இணைக்க யாராவது முயன்றால், தண்ணீர் கேட்காத ஒரு பயிருக்குச் சந்தையும் கிடைக்கும்.

தேவதானம் போன்ற கண்மாய்ப் பாசன ஊர்களின் வறட்சியோ வேறு வகை. நட்ட பிறகு கண்மாய் வற்றும், மறுபடி நிரம்பும். அங்கே நெல்லுக்கு வேண்டியது இடையில் வாடினாலும் மீண்டு எழும் குணம். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009இல் தந்த அண்ணா 4 நெல் நூறு நாளை ஒட்டிய குறுகிய வயதால் இதைச் சமாளிக்கிறது. ஐஆர் 64 நெல்லுக்குள் வறட்சி மகசூல் மரபுக்கூறுகளைச் சேர்த்து 2014இல் வந்த டிஆர்ஆர் தான் 42 இன்னொரு வழி. கிழக்கே கரிசலில் சிக்கனம் கேட்கும் அதே மாவட்டம் மேற்கே மீட்சி கேட்கிறது.

மரபணு மாற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சூரியகாந்தியிலிருந்து எடுத்த மரபணு கொண்ட எச்பி4 கோதுமைக்கு அர்ஜென்டினா 2020இல் அனுமதி கொடுத்தது. கரிசலுக்கு இப்போது வேண்டியது அதுவல்ல. நம்முடைய சோளம், கம்பு, நாட்டுப் பருத்தியின் உள்ளேயே இருக்கும் வேறுபாடுகளை நாம் இன்னும் முழுதாக அளந்து முடிக்கவில்லை.

அதைவிட அவசரமானது மக்காச்சோளம். கோழித் தீவனச் சந்தையை நம்பி இருபது ஆண்டுகளாகக் கரிசல் மானாவாரியில் அது சோளத்தின் இடத்தைப் பிடித்துவருகிறது. ஆண் பூவும் பட்டிழையும் சந்திக்கும் ஒரு வாரத்தில் மண் காய்ந்தால் கதிரில் மணியே பிடிக்காது. அந்த வாரம் நம் ஊரில் மழை விலகும் காலத்தை ஒட்டியே வருகிறது. 2018இல் வந்த படைப்புழு அதன் மேல் இன்னொரு அடி. விவசாயியைக் குறை சொல்ல வழியில்லை. விலை அங்கே இருக்கிறது. ஆனால் சோள ஆராய்ச்சிக்குச் செலவிடும் காசு குறைந்தால், விலை சரியும் ஆண்டில் திரும்பிப் போக ஒரு நல்ல சோளம் இருக்காது.

ஒரு ரகத்தை வெளியிடும்போது ஏக்கருக்கு எத்தனை கிலோ, எத்தனை நாள், எந்த நோயைத் தாங்கும் என்று எழுதுகிறார்கள். மானாவாரி ரகத்துக்கு மூன்று எண்களைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். முதலாவது, எத்தனை சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து முளை வெளியே வருகிறது. இரண்டாவது, பூக்கும் நாளில் ஒரு மீட்டர் கரிசலில் எத்தனை மில்லிமீட்டர் ஈரம் மிஞ்சியிருந்தது, அறுவடையில் எத்தனை மிஞ்சியது. மூன்றாவது, தானியத்தோடு தட்டை எவ்வளவு. இந்த எண்களைப் பண்ணைக்குள் மட்டும் எடுக்காமல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில், மழை தவறிய ஆண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஈரமானியும் துளைக்கருவியும் ஒரு நிலையத்துக்குக் கட்டுப்படியாகாத செலவு ஆகாது. மார்கழி முதல் வாரத்தில் மண்ணைத் துளைத்துப் பார்க்க ஆட்கள்தான் வேண்டும்.